அண்ணன் எழுதிய முப்பத்து நான்கு கட்டுரைகள்

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'முதல் பக்கம்'. யார் எதைத் தேடினாலும் எங்கள் வாடிக்கையாளரின் இணையதளம் தேடுபொறியின் முதல் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இரண்டாம் பக்கத்துக்கு இறங்கிவிட்டால் நானும் சாப்பிட மாட்டேன், பக்கத்து நாற்காலிக்காரரையும் சாப்பிட விட மாட்டேன். பதினான்கு வருடமாக இதே பிழைப்பு. பல் மருத்துவர், கார் கண்ணாடி மாற்றுகிறவர், நாய்களுக்கு முடி வெட்டிவிடும் அம்மா என்று எத்தனையோ பேரைத் தூக்கி மேலே உட்கார வைத்திருக்கிறேன். கூடப் பிறந்த அண்ணனை மட்டும் கீழே தள்ளிவிட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், போகப் போகச் சொல்ல வாய் வராது.

அண்ணனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. குழாய் வேலை பார்க்கிறவர்களுக்குள் அவன் பெயர் 'காது'. சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ தண்ணீர்க் குழாய் கசிந்தால், சரியாக எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. கையில் நீளமாக ஒரு கம்பி வைத்திருப்பான். ஒரு முனை தரையில், மறுமுனை காதில். கண்ணை மூடிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்வான். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. பிறகு சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். அந்த வட்டத்தில் இருக்கிற ஒரே ஒரு டைல்ஸை உடைத்தால் போதும், கசிவு அங்கேயே இருக்கும்.

பதினோரு வருடம் ஒரு கம்பெனியில் இந்த வேலையைப் பார்த்தான். முதலாளிக்கு அவனுடைய வட்டம் பிடிக்காது. ஒரு டைல்ஸ் உடைத்தால் ஒரு டைல்ஸ் வேலைதான் கிடைக்கும். தரை முழுவதையும் பெயர்த்தால் பத்து நாள் வேலை. ஒரு வீட்டில், முதலாளி "மொத்தமா எடுத்துடணும்மா" என்று அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வட்டம் போட்டு, "இது ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டான். முதலாளி எல்லோருக்கும் முன்னால், "காதுக்கு எதுக்குடா வாய்?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் கம்பியை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். தெருமுனையில் நின்றபடியே எனக்குப் போன் செய்தான்.

"பாப்பா, எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடு."

எனக்கு முப்பத்தெட்டு வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

ஒரே பக்கத்தில் ஒரு தளம் போட்டுக் கொடுத்தேன். கொட்டை எழுத்தில், சிவப்பில், அவனுடைய போன் நம்பர். பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தத் தொழிலில் அப்போது வேறு யாருக்கும் தளம் கிடையாது. சுவரில் ஈரம், குழாய்க் கசிவு என்று யார் தேடினாலும் அண்ணன்தான் வந்து நின்றான். போன் அடிக்கத் தொடங்கியது. நான்கு வருடம் யார் முன்னாலும் கைகட்டி நிற்காமல் தன் வேலையைத் தானே பார்த்தான். சாயங்காலம் பேசும்போது, "இன்னிக்கும் ஒரே டைல்ஸ்தான் பாப்பா" என்பான். அவன் பெருமை அடித்துக்கொண்டதெல்லாம் அவ்வளவுதான்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? ஒரு நாள் எதேச்சையாகத் தேடிப் பார்த்தேன். புதிதாக நான்கைந்து பேர் தளம் போட்டிருந்தார்கள், அண்ணன் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும் பாப்பா. வர்ற வேலைய முடிக்கவே நேரம் சரியா இருக்கு" என்றான் அண்ணன்.

"என்ன போதும்? என் அண்ணன் ரெண்டாம் பக்கத்துல கிடக்கறான்னு தெரிஞ்சா ஆபீஸ்ல என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்."

அவன் பேசாமல்தான் இருந்தான். பேசியதெல்லாம் நான்தான்.

மூன்று வாரம் செலவழித்துப் புதுத் தளம் கட்டினேன். இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கட்டி முடிக்காத தளம் அரையும் குறையுமாகத் தேடலில் வந்து மானத்தை வாங்கக் கூடாது. அதற்காக உள்ளே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தேடுபொறிகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். வேலை முடியும்வரை அதில் டிக் போட்டு வைப்போம். தளத்தை வெளியில் விடும் நாளில் முதல் காரியமாக அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். மறந்தால், கடையைத் திறந்து விளக்கெல்லாம் போட்டுவிட்டு ஷட்டரை மட்டும் இறக்கி வைத்த மாதிரிதான். செய்ய வேண்டியவற்றை வரிசையாக அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். முதல் வரியே இந்த டிக்தான். அச்சடித்ததும் நான், ஒட்டியதும் நான்.

அண்ணன் தளத்தை வெளியில் விட்டது ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். எல்லாம் தயார். கடைசியாக அவன் போட்டோவைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மூஞ்சி எதுக்கு பாப்பா? அவங்களுக்குக் கசிவுதானே நிக்கணும்."

"மூஞ்சி இருந்தாத்தான் நம்பிக்கை வரும்."

"இந்த மூஞ்சியப் பாத்தா இருக்கற நம்பிக்கையும் போயிடும்."

அண்ணி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத் தூக்கம் கெட்ட எரிச்சல். "எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்லு. இதனாலதான் நீ ரெண்டாம் பக்கத்துல கிடக்கற" என்று கத்தினேன். அவன் கையைத் தூக்கி, "சரி சரி, போட்டுக்கோ தாயே" என்றான். போட்டோவைப் போட்டேன், பழைய தளத்தை எடுத்துவிட்டுப் புதியதை வெளியில் விட்டேன், மடிக்கணினியைப் படாரென்று மூடினேன். மூடிய கையோடு கிளம்பியும் வந்துவிட்டேன். உள்ளே அந்தக் கட்டம் அப்படியே இருந்தது, அதில் போட்ட டிக்கும் அப்படியே இருந்தது.

பத்து நாளில் போன் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் நின்றே போனது. என் கெட்ட நேரம், அதே சமயத்தில் தேடுபொறி தன்னுடைய தரவரிசை முறையையும் மாற்றியது. எங்கள் அலுவலகத்திலேயே பாதி வாடிக்கையாளர்கள் சரிந்தார்கள். எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அண்ணனுக்கும் அதேதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வாடிக்கையாளர் என்றால் வாராவாரம் அறிக்கை தயாரித்து அனுப்புவேன், அதற்காகவாவது எல்லாவற்றையும் சரிபார்த்திருப்பேன். அண்ணனுக்கு யார் அறிக்கை கொடுக்கிறார்கள்? போனில் நான் சொல்வதுதான் அறிக்கை.

ஒரு நாள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்.

"பாப்பா, தப்பா எடுத்துக்காத. என் கம்பெனி பேரைப் போட்டே தேடிப் பாத்தேன். அப்பவும் வரல. வேற எதாவது கோளாறா இருக்குமோ?"

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கட்டத்தைத் திறந்து பார்த்திருப்பேன். சொந்தப் பெயருக்கே தளம் வரவில்லை என்றால் தேடுபொறிக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. தரைக்கடியில் சொட்டுவதைக் கேட்கிறவனுக்கு இதுவும் கேட்டிருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உன்னை நீயே தேடி என்ன பிரயோஜனம்? மத்தவங்க தேடணும். உனக்குத் தெரியாத விஷயத்துல மூக்கை நுழைக்காத."

"சரிம்மா" என்று போனை வைத்துவிட்டான். அந்த "சரிம்மா" இப்போதும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்து நான் கண்டுபிடித்த வைத்தியம் கட்டுரை. தளத்தில் விஷயம் கம்மி, அதனால்தான் மதிப்பில்லை, வாரத்துக்கு இரண்டு கட்டுரை போட்டால் தன்னால் மேலே வரும் என்றேன். யார் எழுதுவது? தொழில் தெரிந்தவன்தானே எழுத வேண்டும்? அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டபின் கையெழுத்தைத் தவிர எதையும் எழுதியதில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மேஜையில் உட்கார்ந்து எழுதி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவான். ஒவ்வொரு போட்டோவிலும் ஓரத்தில் அவன் கட்டைவிரல் இருக்கும். 'மீட்டர் சும்மா ஓடினால் என்ன செய்வது', 'ஈரம் மழையாலா குழாயாலா', 'குளியலறைத் தரை சூடாக இருந்தால்' என்று தலைப்புகள். நான் அதைத் தட்டச்சு செய்து, வரிக்கு வரி 'கசிவு கண்டறியும் சேவை' என்று திணித்து, அவன் எழுதியது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அளவுக்குத் திருத்திப் போடுவேன்.

ஒரே ஒரு தடவைதான் திருத்தவில்லை. அன்றைக்கு எனக்கு அலுவலகத்தில் இரண்டு கூட்டம். 'டம்ளரை வைத்துக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தான். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ஒரு டம்ளரின் வாயைச் சுவரில் வைத்து, அடியில் காதை வைத்து எப்படிக் கேட்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருந்தது. 'அவசரப்பட வேண்டாம். முதலில் உங்கள் காதுக்குள் இருக்கும் சத்தம்தான் கேட்கும். அது அடங்கட்டும்.' இப்படியெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள் என்று அலுத்துக்கொண்டே அப்படியே போட்டுவிட்டேன்.

யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்?

"அண்ணா, நீ எழுதறது நல்லா இல்ல. அதான் யாரும் வரல" என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். "படிச்சா கொட்டாவி வருது. திருப்பி எழுது."

திருப்பி எழுதினான். சிலதை மூன்று தடவை எழுதினான். ஒரு நாள் அண்ணி போன் செய்தார். எப்போதும் கலகலவென்று பேசுகிறவர், அன்று குரலே எழவில்லை.

"பாப்பா, அவரைப் பாக்கவே பாவமா இருக்கு. எழுதறாரு, அடிக்கறாரு, எழுதறாரு, அடிக்கறாரு. போன் அடிச்சா ரெண்டு பேரும் எழுந்து நிக்கறோம். பாத்தா ராங் நம்பர். நிஜமாவே இது சரியா வருமா? நீ சொன்னாத்தான் அவரு கேப்பாரு."

"பொறுமையா இருக்கச் சொல்லுங்க அண்ணி. இதெல்லாம் மந்திரத்துல மாங்கா இல்ல" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

முப்பத்து நான்கு கட்டுரை ஆன பிறகு அவன் பழைய முதலாளியிடமே திரும்பிப் போனான். என்னிடம் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னான். "நீலக் கலர்ல சட்டை குடுத்திருக்காங்க. கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, உங்கண்ணி புடிச்சுத் தச்சுட்டா." ரெண்டு வருடத்துக்கு வெளிவேலை எதுவும் தொடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். "முதலாளி என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு" என்றான்.

பத்து நாள் கழித்து, "அந்த வெப்சைட்டை எடுத்துடு பாப்பா. பாக்கப் பாக்க ஒரு மாதிரி இருக்கு" என்றான். மறுநாள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே, தளத்தை எடுப்பதற்காக உள்ளே போனேன். எடுப்பதற்கான பொத்தானைத் தேடிக்கொண்டு போகும்போது அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. டிக் இருந்தது.

வேறு யாருடைய தளத்தையோ திறந்துவிட்டோமோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். அண்ணன் பெயர், அண்ணன் போட்டோ. ஐந்தரை மாதம் இந்த உலகத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. தரவரிசை மாற்றமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பக்கத்து நாற்காலிக்காரர், "என்னாச்சு முதல் பக்கம்?" என்று கேட்டபோது, "கண்ணுல தூசி" என்றேன். தளத்தை எடுக்கவில்லை. டிக்கை எடுத்தேன். ஒரு வினாடி வேலை.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போன் வர ஆரம்பிக்கட்டும், அவன் வேலையை விட்டு வெளியே வரட்டும், அப்போது சொன்னால் அவ்வளவு உறுத்தாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். எழுதி வாங்கிய அந்தத் தாள் ஞாபகம் வரும்போதெல்லாம், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மூன்று வாரம் போனது. அண்ணனே கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாப்பா! ஒரே நாள்ல நாலு போன். ஒருத்தர் டம்ளரை வெச்சே இடத்தைக் கண்டுபுடிச்சுட்டாராம், வந்து உடைச்சுக் குடுங்கங்கறாரு. நீ சொன்னது சரிதான்மா. பொறுமையா இருன்னு தலையால அடிச்சுக்கிட்ட, நான்தான் கேக்கல. ஒரு மாசம் தாக்குப் புடிச்சிருந்தா இந்தச் சட்டைய போட்டிருக்க வேணாம். உன் உழைப்பையும் வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்கோ பாப்பா."

"வர்ற போனை என்ன பண்ற?"

"என்ன பண்றது? ஆபீஸ்ல குடுத்துடறேன். முதலாளிக்கு ஒரே குஷி."

மன்னிப்பு கேட்டவன் அவன். அதற்கப்புறமும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. எங்கே வேலை என்று கேட்டுக்கொண்டு நேராக அங்கே போனேன்.

அது ஒரு மாடி வீடு. குளியலறையில் இரண்டு பேர் சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதித் தரை ஏற்கெனவே பெயர்ந்து கிடந்தது. மிச்சமிருந்த தரையில் ஒரு மூலையில் அண்ணன் போட்ட சாக்பீஸ் வட்டம் இருந்தது. அவன் நீலச் சட்டையில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்லிப் படியிலிருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டான்.

"அண்ணா, நீ அவசரப்படல. தப்பெல்லாம் என்னோடது" என்று ஆரம்பித்தேன். கட்டத்தைச் சொன்னேன், டிக்கைச் சொன்னேன். போட்டோவுக்காகச் சண்டை போட்டுவிட்டு மறந்துபோனதைச் சொன்னேன். பெயரைப் போட்டே வரவில்லை என்று அவன் சொன்னபோது என் மண்டையில் ஏறாததைச் சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன்பே கண்டுபிடித்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. "திட்டிடு அண்ணா. ரெண்டு அறை விடு. இப்படிப் பாக்காத."

அவன் திட்டவில்லை. வழக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பானே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் முடித்ததும் கண்ணைத் திறந்தான்.

"அப்போ நான் எழுதுனது எதையும் யாரும் படிக்கவே இல்லையா?"

"இல்லண்ணா."

"நல்லா இல்லன்னு யாரும் சொல்லல?"

"நான்தான் சொன்னேன். வேற யாரும் சொல்லல."

முதலாளியைப் பற்றிக் கேட்பான், ரெண்டு வருடத்தைப் பற்றிக் கேட்பான், அண்ணிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பான் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தேன். அவன் கேட்டது இதைத்தான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இப்ப வர்றவங்க எதைப் படிச்சுட்டு வர்றாங்க?"

"டம்ளர். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் படிக்கறாங்க. அதுதான் முதல் பக்கத்துல நிக்குது."

"அது நீ திருத்தலையே?"

"இல்ல. நீ எழுதுனபடியே போட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது. சின்னப் பையனுக்கு வாத்தியார் நல்ல மார்க் போட்ட மாதிரி, ஒரு நிமிடம், அவ்வளவுதான். அவன் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "காது, அந்த வட்டத்துலதான் கசிவு, உடைச்சுப் பாத்தாச்சு. மிச்சத்த என்ன செய்ய? மொத்தமா எடுக்கச் சொல்லித்தான் முதலாளி சொல்லியிருக்காரு."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"உடைங்க" என்றான்.